பேப்பர் தேதியில் தாண்டிய செல்வராணி

அன்று காலை கடை வாசலில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈரத் துணி பட்டதும் பழைய சாக்பீஸ் வாசம் கிளம்பும். காபியைவிட எனக்கு அதுதான் தூக்கத்தைக் கலைக்கும். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, இந்த போர்டுல வருசா வருசம் என் பேர எழுதுறீங்களாமே, நெசமா?"

திரும்பினேன். முப்பது வயதை ஒட்டிய பெண். தனியார் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்கள் கட்டுகிற நீலச் சேலை. கையில் ஒரு மஞ்சப்பை.

"உங்க பேரு என்னம்மா?"

"செல்வராணி. திருவாதவூரு."

துணியைக் கீழே போட்டுவிட்டேன். பத்து வருடத்துக்கு மேலாக நான் சாக்பீஸால் எழுதி எழுதி அழித்த பேர் அது. அந்தப் பேருக்கு ஒரு முகம் இருக்கும், அது பஸ் ஏறி மதுரை வில்லாபுரம் வரும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

போர்டு வந்த கதை

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் விளையாட்டு உடுப்பு தைக்கிறவன். பனியன், டவுசர், டிராக் சூட். முதுகில் நம்பரும் பேரும் அச்சடித்துக் கொடுப்பேன். சௌராஷ்டிரக் குடும்பம். தாத்தா காலத்தில் நெசவு, அப்பா காலத்தில் ஜவுளி, என் காலத்தில் கபடி பனியன். எங்கள் வீட்டில் இதை முன்னேற்றம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எனக்கு ஓடவும் வராது, தாண்டவும் வராது. பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்ததோடு நிற்காமல், கோட்டைத் தாண்டி ஓடிப்போய் அடுத்த போட்டிக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பானையில் மோதியவன். ஆனால் யார் எப்போது என்ன ஜெயித்தார்கள் என்பது மட்டும் மனசில் ஒட்டிக்கொள்ளும். தைக்கக் கொடுத்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் இதைத்தான் பேசுவேன். "வாயால பேசுறத எழுதித்தான் வையுங்களேன், எங்க காதாவது தப்பிக்கும்" என்று என் மனைவி சரோஜா சொன்னாள். அப்படித்தான் போர்டு வந்தது. தலைப்பு: "இதே நாளில்".

இந்தியா ஹாக்கியில் தங்கம் வாங்கிய நாள், கிரிக்கெட்டில் முதல் முறை உலகக் கோப்பையைத் தூக்கிய நாள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் எழுதும்போது மட்டும் எனக்குக் கை கனக்கும். நம் பெண் ஒருத்தி ஒலிம்பிக் ஓட்டத்தில் நூலிழையில் வெண்கலத்தை விட்ட நாள் அது. அந்த வரியை எழுதினால் பால்காரர்கூட சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டு உச்சுக்கொட்டிப் போவார்.

இதெல்லாம் ஆண்டுத் தகவல் புத்தகத்தில் பார்த்து எழுதுவது. தேதி சுத்தமாக இருக்கும். தப்பினாலும் விடமாட்டார்கள். ஒரு தடவை ஹாக்கித் தங்கத்தை ஒரு நாள் மாற்றி எழுதிவிட்டேன். கதவைத் திறந்த அரை மணி நேரத்தில் நாலு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் ரயில்வேயில் ஆடி ஓய்வு பெற்றவர். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

"நம்மாளு எவனுமே இல்லையா?"

ஆனையூரிலிருந்து ஒரு கபடிக் குழு என்னிடம் தைக்கும். அதன் கேப்டன் பாண்டி வாயாடி. போர்டின் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டான்.

"ஏண்ணே, லண்டன்ல ஜெயிச்சான், மாஸ்கோவுல ஜெயிச்சான்னு எழுதுறீங்க. நம்மாளு எவனுமே எந்த நாள்லயும் ஒண்ணும் கிழிக்கலையா?"

சுருக்கென்று இருந்தது. கோபமும் வந்தது, அவன் சொன்னது சரி என்பதால்.

அன்றிலிருந்து பேப்பரின் மதுரைப் பக்கத்தில் வருகிற துண்டுச் செய்திகளை வெட்ட ஆரம்பித்தேன். கத்தரிக்கோல் கையிலேயே இருக்கிற தொழில்தானே. தீப்பெட்டி அகலத்தில் வரும் செய்திகள். மாவட்ட கோகோ, பள்ளிகள் வாலிபால், யாரோ ஒருத்தர் நீச்சலில் இரண்டாமிடம். நீள நோட்டு ஒன்றில் நாள் வாரியாகப் பக்கம் பிரித்து ஒட்டினேன். பேப்பரின் தலையிலிருந்த தேதியைப் பார்த்து அந்த நாளில் ஒட்டுவேன். உலகச் செய்தி ஒரு வரி, நம்மூர்ச் செய்தி ஒரு வரி என்று போர்டு இரண்டு வரியானது.

பாண்டி குழு ஜெயித்த நாளும் அதில் ஏறியது. வருடா வருடம் அந்தத் தேதியில் அவர்கள் ஆனையூரில் பிரியாணி போடுவார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் வரும். நான் சைவம் என்பது பாண்டிக்கு இன்றுவரை ஞாபகத்தில் நிற்கவில்லை. கடைப் பையன்களுக்குக் கொண்டாட்டம்.

செல்வராணியின் வரியும் அப்படி ஏறியதுதான். தை மாதத்தில் ஒரு நாள். "இதே நாளில்: திருவாதவூர் செல்வராணி, மாநிலப் பள்ளிகள் போட்டி, மும்முறை தாண்டுதலில் மூன்றாமிடம்."

கரையான் தின்ற காகிதம்

சரோஜா காபி கொண்டுவந்து கொடுத்தாள். செல்வராணி ஸ்டூலில் உட்கார்ந்து மஞ்சப்பையைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் கவரில், இலைச் சருகு மாதிரி ஓட்டை விழுந்த காகிதத் தூள்.

"சர்டிபிகேட்டுண்ணே. டிரங்குப் பெட்டியில பத்திரமாத்தான் வச்சிருந்தேன். கரையான் பூந்திருச்சு. மெடல் இருக்கு. ஆனா மெடல்ல பேரா போட்டிருக்கு?"

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மாநில அளவில் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருந்தால் மனுப் போடலாம். அஞ்சல் வழியில் டிகிரி முடித்திருக்கிறார். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் இருந்தது. நகல் சான்றிதழ் கேட்டு, போட்டி நடந்த ராமநாதபுரத்து அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எந்த நாள் போட்டி என்று குறிப்பிட வேண்டும்.

"எனக்கு நாளு ஞாபகம் இல்லண்ணே. எங்க சித்தப்பா மகன் இந்தப் பக்கம் வந்தப்ப உங்க போர்டப் பாத்தானாம். அதான் ஓடியாந்தேன்."

நான் பெருமையில் ஓரடி உயர்ந்துவிட்டேன். நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, வருடத்தோடு தேதியை எழுதிக் கொடுத்தேன். "என் நோட்டு பொய் சொல்லாதும்மா. தைரியமா அனுப்பு" என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

திரும்பி வந்த கடிதம்

மூன்று வாரம் கழித்து செல்வராணி மறுபடி வந்தார். கடிதத்தை நீட்டினார். தாங்கள் குறிப்பிட்ட நாளில் போட்டி எதுவும் நடைபெறவில்லை, எனவே பரிசீலிக்க இயலாது. இரண்டே வரி.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "ஏட்டைப் பிரிக்கச் சோம்பல்பட்டு எழுதியிருக்காங்க" என்று குதித்தேன். நோட்டை எடுத்து வந்து, ஒட்டிய துண்டை விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன். "அச்சுல இருக்கு. அச்சுல! இதுக்கு மேல என்ன வேணும்?"

சரோஜா உள்ளே பனியன் மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு மொழியில், தலையைத் தூக்காமல் சொன்னாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பேப்பர் வந்த தேதியத்தானே எழுதி வச்சிருக்கீங்க. என்னைக்கு நடந்தத அன்னைக்கே எந்தப் பேப்பர் போட்டுச்சு?"

நோட்டைத் தட்டிய விரலை எடுத்தேன்.

அவ்வளவுதான் விஷயம். குழந்தைக்கும் தெரிகிற விஷயம். இன்று நடப்பது நாளைய பேப்பரில் வரும். நோட்டில் இருந்த நம்மூர் ஆட்கள் எல்லாரையும் நான் தாமதமாகவே ஜெயிக்க வைத்திருக்கிறேன். ஹாக்கித் தங்கத்தை ஒரு நாள் மாற்றினால் நாலு பேர் அடிக்க வருகிறார்கள். செல்வராணியை மாற்றி எழுதினேன், பத்து வருடம் ஒருவரும் கேட்கவில்லை. அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது.

செல்வராணியிடம் சொன்னேன். "தப்பு அவங்க மேல இல்லம்மா. என் மேலதான்."

அவர் முகம் இறுகியது. "உங்கள நம்பித்தானே அண்ணே போட்டேன். இன்னும் ஒம்பது நாளுதான் இருக்கு." பிறகு கேட்டார்: "சரி, ஒரு நாள் தள்ளியா, ரெண்டு நாள் தள்ளியா?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. துண்டுச் செய்திகள் மறுநாளும் வரும், இடம் இல்லாவிட்டால் அதற்கு மறுநாளும் வரும். செய்தியில் "நடந்த போட்டியில்" என்று இருந்ததே தவிர, என்றைக்கு நடந்தது என்று இல்லை. ராமநாதபுரத்துக்குப் போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார். "சார், அந்த மாசம் பூரா ஏதாவது ஒரு போட்டி நடந்திருக்கு. கட்டுக் கட்டா கெடக்கு. எல்லாம் நாள் வாரியாத்தான் கட்டி வச்சிருக்கோம். மனுவுலயும் நாள் இருக்கணும். குத்துமதிப்பால்லாம் தேட முடியாது, நாளச் சொல்லுங்க" என்றார். குரலில் எரிச்சல் இல்லை. அவர் சொன்னதும் நியாயம்தான்.

வேன் நின்ற இடம்

"அன்னைக்கு என்னதான்ம்மா ஞாபகம் இருக்கு? எதுனாலும் சொல்லு" என்றேன்.

செல்வராணி யோசித்தார். மணல் ஈரமாக இருந்தது. காலில் போட்டிருந்தது சீனியர் அக்காவின் ஸ்பைக்ஸ், முன்னால் பஞ்சு வைத்து அடைத்தது. மதியம் சாம்பார் சாதத்தில் கல். பயிற்சியாளர் மிஸ் அழுதார்கள், ஏன் என்று தெரியவில்லை. எல்லாம் இருந்தது, நாளைத் தவிர.

"திரும்பி வர்றப்ப வேன் நின்னுருச்சுண்ணே. டிரைவரு திட்டிக்கிட்டே எறங்கிட்டாரு. ஒரே கூட்டம். அந்தப் பக்கம் போகவே முடியல."

"எங்க நின்னுச்சு?"

"தெப்பக்குளத்துக்கிட்ட. குளத்துல தண்ணி கெடந்துச்சு. அம்புட்டு லைட்டு! தெப்பம் சுத்தி வந்துச்சு. நான் வேன் படியில ஏறி நின்னு மெடலத் தூக்கி மீனாட்சிக்குக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க."

உள்ளே பனியன் மடிக்கிற சத்தம் நின்றது. நானும் சரோஜாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பல வருடம் அந்தக் குளம் காய்ந்து கிடந்து, தெப்பம் நகராமல் நின்ற இடத்திலேயே திருவிழா முடிந்திருக்கிறது. தண்ணீர் விட்ட வருடங்களை மதுரைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். அதைவிட முக்கியம், தெப்பம் வருடத்தில் ஒரே நாள்தான். தைப்பூசம்.

"போட்டி முடிஞ்சு அன்னைக்கே திரும்பிட்டீங்களா?"

"ஆமாண்ணே. காலையில எங்க ஈவண்ட்டு. மதியம் சாப்பிட்டுட்டுக் கிளம்பிட்டோம்."

சரோஜா எழுந்து வந்தாள். செல்வராணி போனில் தேட, இரண்டு பெண்களும் தலையோடு தலை முட்டிப் பார்த்தார்கள். அந்த வருடத்துத் தைப்பூசம், என் நோட்டுத் தேதிக்குச் சரியாக இரண்டு நாள் முந்தி இருந்தது.

ஆறு கட்டம்

தபாலை நம்ப நேரமில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் செல்வராணியும் நாங்கள் இரண்டு பேரும் ராமநாதபுரம் போனோம். கடையை ஒரு நாள் பூட்டியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. நோட்டையும் எடுத்துப்போனேன், வெட்கத்தோடுதான்.

அலுவலகம் மைதானத்தின் ஓரத்தில் இருந்தது. போனில் பேசிய அம்மா மனுவை வாங்கிப் பார்த்தார், உள்ளே போனார். காத்தாடி டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. செல்வராணி முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். இந்த நாளும் தப்பாகிவிட்டால் இந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அந்த அம்மா ஒரு கட்டைத் தூசி தட்டியபடி வந்தார். கயிற்றை அவிழ்த்தார். நாலைந்து தாள்களைத் தள்ளினார். ஒரு தாளில் விரல் நின்றது.

"செல்வராணி, திருவாதவூர். மூணாவது. இந்தா இருக்கே."

சரோஜா என் கையைக் கிள்ளினாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு பொது இடத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அது நடுவர் எழுதிய தாள். பேருக்கு நேராக ஆறு கட்டம், ஆறு தாண்டல். முதல் கட்டத்தில் பெருக்கல் குறி, செல்லாத தாண்டல். இரண்டாவதும் பெருக்கல் குறி. மூன்றாவதில் தப்பித்து எட்டுப் பேருக்குள் நுழைந்திருக்கிறார். நாலாவது, ஐந்தாவது சுமார். அதுவரை அவர் ஆறாவது இடம். கடைசிக் கட்டத்தில் இருந்த அளவுக்கு அடியில் நடுவர் கோடு போட்டிருந்தார்.

செல்வராணி அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "மிஸ் இதுக்குத்தான் அழுதாங்க போல" என்றார். பிறகு அவருக்கே அழுகை வந்துவிட்டது. "நான் தாண்டுனது எனக்கே கனவு மாதிரி ஆயிப்போச்சுண்ணே. வீட்டுல சொன்னா, சும்மா அளக்காதேம்பாங்க."

எனக்கும் கண் கலங்கியது. பத்து வருடம் இந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறேன். இந்த ஆறு கட்டம் எனக்குத் தெரியாது. பேப்பருக்கு மூன்றாமிடம் போதுமாக இருந்தது, எனக்கும் போதுமாக இருந்துவிட்டது.

நகல் சான்றிதழ் நாலாம் நாள் கைக்கு வந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் நாலு நாள் மீதம் இருந்தபோதே செல்வராணி மனுவைச் சேர்த்துவிட்டார்.

பாண்டிக்கும் சொல்ல வேண்டியிருந்தது

அதன் பிறகு என் வேலை ஆரம்பித்தது. நோட்டில் இருந்த ஒவ்வொரு நம்மூர்க்காரரையும் தேடிப் பிடித்து, எந்த நாள் என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். சிலர் போனிலேயே முழு ஆட்டத்தையும் சொன்னார்கள், நான் குறித்துக்கொண்டேன். இன்னும் முடியவில்லை. பாதி நோட்டுதான் திருந்தியிருக்கிறது.

பாண்டியிடம், நீங்கள் பிரியாணி போடும் நாள் தப்பு, ஒரு நாள் முந்தி என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அதுக்கென்னண்ணே, பேப்பர்ல வந்த நாளும் நல்ல நாள்தானே. இனிமே ரெண்டு நாளும் போட்ருவோம்" என்றான்.

கடைசியாக ஒரு அளவு

மாதங்கள் போயின. தேர்வு, நேர்காணல், சான்றிதழ் சரிபார்ப்பு என்று செல்வராணி அவ்வப்போது போன் பண்ணுவார். பிறகு போன் வரவில்லை. நானாகக் கேட்கவும் பயம். மறுபடி ஏதாவது என்னால் தப்பாகியிருந்தால்?

ஒரு திங்கட்கிழமை காலை. பால்காரர் படித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைய இரண்டு வரியையும் எழுதி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செல்வராணி வந்து நின்றார். நீலச் சேலை இல்லை. இஸ்திரி போட்ட பச்சைச் சேலை, தலையில் மல்லிகை, கையில் ஸ்வீட் பாக்கெட். கூடவே ஆறேழு வயதில் அவர் மகள்.

"அண்ணே, ஒரு டிராக் சூட்டு தைக்கணும். ஆபீஸ் டீமுல தாண்டச் சொல்லிட்டாங்க. அளவு எடுத்துக்கிறீங்களா? பத்து மணிக்குள்ள நான் போயி கையெழுத்துப் போடணும், மொத நாளு."

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் டேப்பைத் தேடினேன். அது என் கழுத்திலேயே கிடந்தது. சரோஜாதான் அதை உருவி அளவு எடுத்தாள். நான் போர்டுப் பக்கம் போனேன்.

"என்னண்ணே எழுதுறீங்க? தை மாசத்துலல்ல என் வரி வரும்?" என்று செல்வராணி சிரித்தார்.

எழுதி வைத்திருந்த இரண்டு வரியையும் துடைத்தேன். இத்தனை வருடம் தொடாமல் விட்டிருந்த தலைப்பையும் துடைத்தேன். ஈரம் காயும் வரை காத்திருந்தேன்.

பிறகு பெரிதாக எழுதினேன். "இன்று: திருவாதவூர் செல்வராணி வேலையில் சேர்கிறார்."

அவர் மகள் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள். பேப்பரில் அந்தச் செய்தி மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.